திறந்துவிட்டது, ஆனால் சரிதானா?



மீமிசலிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. அவருக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டிருப்பது, இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் ஒவ்வொரு சிறு அலுவலகத்துக்கும் உரிய கேள்வி. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

இறால் பண்ணைகளுக்குத் தீவனம் விற்கும் ஓர் அலுவலகத்தில் அவர் கணக்கு எழுதுகிறார். அங்கே நான்கு கணினிகள். அதில் ஒன்று ‘மெயின் சிஸ்டம்’. யாருக்கு எத்தனை மூட்டை போயிற்று, எவ்வளவு பாக்கி, பண்ணைக்காரர்களின் சான்றிதழ் நகல்கள், டேலி கணக்கு எல்லாம் அதில் ஒரே ஃபோல்டருக்குள் இருக்கின்றன. மற்ற மூன்று கணினிகளிலும் அந்த ஃபோல்டர் ‘இசட் டிரைவ்’ என்று தெரியும். ஓர் இரவு கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் மூன்று கணினிகளிலும் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அன்றைக்கென்று பார்த்து 20ஆம் தேதி. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள்.

கணினி பழுது பார்ப்பவர் இருப்பது அறந்தாங்கியில். அன்று அவரால் வர முடியவில்லை. போனிலேயே வழி சொல்லியிருக்கிறார். மெயின் சிஸ்டத்தின் எண்ணைப் பார்த்து டிரைவை மறுபடி இணைக்கச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஃபயர்வாலை அணைக்கச் சொன்னார், பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தச் சொன்னார், ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன்’ என்று போட்டு முழு அதிகாரம் கொடுக்கச் சொன்னார். இவர் நான்கையும் செய்தார். இசட் டிரைவ் வந்துவிட்டது. கணக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடிதத்தின் கடைசியில் சகோதரி கேட்கிறார்: “வேலை முடிந்துவிட்டது ஐயா. ஆனால் இப்படித் திறந்து வைத்திருப்பது சரிதானா?”

இந்தக் கேள்விக்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன். வேலை நடக்கத் தொடங்கியதும் பெரும்பாலோர் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். இவர் அதற்குப் பிறகுதான் கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரி: சரியில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அன்று செய்த நான்கு காரியங்களில் முதலாவது மட்டும்தான் தேவைப்பட்டது. மற்ற மூன்றும் எந்தப் பழுதையும் நீக்கவில்லை. பாதுகாப்பைத்தான் நீக்கின.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அலுவலகத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.10 என்பதுபோல் ஓர் ஐபி எண் உண்டு. அந்த எண்ணை வழங்குவது இணைய இணைப்போடு வந்த ரவுட்டர். அது நிரந்தரமாக வழங்குவதில்லை, சில மணி நேரத்துக்கோ சில நாட்களுக்கோ தவணையாகத் தருகிறது. கரண்ட் போய்வந்து ரவுட்டர் புதிதாக எழும்போது, நேற்று 10 என்று முடிந்த மெயின் சிஸ்டத்துக்கு இன்று 14 கிடைக்கலாம். இசட் டிரைவ் பழைய எண்ணுக்கே போய்த் தேடிக்கொண்டிருக்கும். அங்கே யாரும் இல்லை, அல்லது வேறு யாரோ இருக்கிறார்கள். மூன்று கணினிகளும் ஒரே காலையில் ஒரே மாதிரி தவித்ததே இதற்குச் சாட்சி. இதற்கு நிலையான தீர்வு, ரவுட்டரின் அமைப்பில் போய் மெயின் சிஸ்டத்துக்கு இந்த எண்தான் என்று ஒதுக்கி வைப்பது. ஒருமுறை செய்தால் போதும். அதற்குப் பிறகு கரண்ட் எத்தனை தடவை போய்வந்தாலும் எண் மாறாது.

இப்படி ஒரு டிரைவ் வராமல் போனால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? எதையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியது, வராமல் போனது ஒருவருக்கா, எல்லோருக்குமா என்பது. எல்லோருக்கும் என்றால் பழுது மெயின் சிஸ்டத்திலோ, நடுவில் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியிலோ, ரவுட்டரிலோ இருக்கும். ஒருவருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் அவருடைய கணினியில் இருக்கும். எடுத்த எடுப்பில் மெயின் சிஸ்டத்தில் கை வைக்க வேண்டாம். இதைக் கேட்காமல் தொடங்குவதால்தான் ஒரு கணினியின் கோளாறுக்காக நான்கு கணினிகளின் அமைப்பும் மாறிப்போகிறது.

அடுத்து, திரையில் வந்த செய்தியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செய்திகள் பலவாக வந்தாலும் அடிப்படையில் இரண்டு வகைதான். ‘நெட்வொர்க் பாத்’ கிடைக்கவில்லை என்பது ஒன்று. 80070035 என்று முடியும் எண் பெரும்பாலும் இதோடு வரும். ‘ஆக்சஸ் டினைடு’ என்பது மற்றொன்று. முன்னது, உங்கள் கணினியால் மெயின் சிஸ்டத்தை எட்டவே முடியவில்லை என்கிறது. பின்னது, எட்டிவிட்டேன், அங்கே அனுமதிக்கவில்லை என்கிறது. எட்டவில்லை என்ற கணினிக்கு அனுமதியை அள்ளிக் கொடுத்துப் பயன் இல்லை. அனுமதி இல்லை என்ற கணினிக்குக் கேபிளை மாற்றியும் பயன் இல்லை. மீமிசலில் அன்று வந்தது முதல் வகை. செய்த மருத்துவத்தில் பாதி இரண்டாம் வகைக்கு உரியது.

எட்டவில்லை என்றால் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குங்கள். மெயின் சிஸ்டம் ஓடுகிறதா, அல்லது யாரும் தொடாததால் உறக்கத்துக்குப் போய்விட்டதா? உறங்கும் கணினி எதையும் பகிராது. ‘ஸ்லீப்’ அமைப்பை ‘நெவர்’ என்று மாற்றிவிடுங்கள். கேபிள் செருகியிருக்கும் இடத்தில் பச்சை விளக்கு மினுக்குகிறதா? கடலோர ஊர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. உப்புக் காற்று படும் இடங்களில் லேன் கேபிளின் முனையில் உள்ள உலோகத் தொடுமுனைகள் அரித்துப்போகும். இணைப்பு முழுதாகவும் அறாது, ஒழுங்காகவும் நிற்காது. காலையில் வந்து மதியம் போகும். ஜன்னலோரம் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியை உள்ளே தள்ளி வையுங்கள், முனை கறுத்த கேபிளை மாற்றிவிடுங்கள். டேலி போன்ற கணக்கு மென்பொருளைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிற இடத்தில் வைஃபையை நம்பாமல் கேபிளையே போடுங்கள். கணக்கு எழுதப்படும் நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பே கெட்டுப்போகலாம்.

எல்லாக் கணினிகளும் ஒரே வலையில்தான் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த மோடம் ஒன்று, கடையில் வாங்கிய வைஃபை ரவுட்டர் ஒன்று என இரண்டு பெட்டிகள் இருந்தால், சில கணினிகளுக்கு 192.168.0 என்றும் சிலவற்றுக்கு 192.168.1 என்றும் எண் கிடைக்கலாம். எல்லாவற்றிலும் இணையம் வரும். ஒன்றை ஒன்று மட்டும் காணாமல் போகலாம். எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று பொருள். ஒருவர் தன் மடிக்கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டு இசட் டிரைவைத் தேடுவதும் அன்றாடம் நடப்பதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தால், விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு மெயின் சிஸ்டத்தின் எண்ணை அடியுங்கள், இப்படி: \\192.168.1.14. ஃபோல்டர்கள் தெரிந்தால் பாதை நன்றாக இருக்கிறது. அதே இடத்தில் எண்ணுக்குப் பதில் கணினியின் பெயரை அடித்தால் வரவில்லை என்றால், கோளாறு பெயரைத் தேடுவதில் மட்டும் இருக்கிறது. ஒரு கணினியை எட்ட முடிகிறதா என்று சோதிக்கும் ‘பிங்’ கட்டளைக்குப் பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விண்டோஸின் ஃபயர்வால் பிங்கை மறித்துக்கொண்டிருக்கலாம்.

இங்கே ஃபயர்வாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அணைக்கவே கூடாது. அணைக்கத் தேவையும் இல்லை. விண்டோஸ் ஒவ்வொரு வலையையும் ‘பப்ளிக்’ அல்லது ‘பிரைவேட்’ என்று குறித்து வைக்கிறது. பேருந்து நிலைய வைஃபை போன்றது பப்ளிக். அங்கே எதையும் பகிராது. சொந்த அலுவலகம் பிரைவேட். புது ரவுட்டர் மாட்டினாலோ, சில நேரம் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ, அலுவலக வலை பப்ளிக் ஆகிவிடுவதுண்டு. அதை மறுபடி பிரைவேட் ஆக்கி, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ என்பதை அனுமதித்தால் போதும்.

‘நெட்வொர்க்’ பட்டியலில் மெயின் சிஸ்டத்தின் பெயரே தெரியவில்லை என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். பெயர் பட்டியலில் தெரியாததும் ஃபோல்டர் திறக்காததும் வேறு வேறு கோளாறு. மேலே சொன்னபடி எண்ணை அடித்து நேராகப் போய்விடலாம். பட்டியலிலும் வேண்டும் என்றால் மெயின் சிஸ்டத்தின் ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதைத் தானாகத் தொடங்கும்படி அமையுங்கள். இதற்காக ‘எஸ்எம்பி 1’ என்ற பழைய வசதியைத் திரும்ப நிறுவச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இனி இரண்டாம் வகை. எட்டிவிட்டது, அனுமதி இல்லை. ‘எவ்ரிஒன்’ என்ற யோசனை பிறப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்டோஸில் பகிரப்பட்ட ஒரு ஃபோல்டருக்கு அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ‘ஷேரிங்’ பகுதியில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ பகுதியில் ஒன்று. வீட்டுக்கு வெளிக்கதவும் உள்ளே அறைக்கதவும் இருப்பதுபோல. வலை வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். மெயின் சிஸ்டத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்குச் செக்யூரிட்டி மட்டும்தான். “அங்கே திறக்கிறது, என் சிஸ்டத்தில் திறக்கவில்லை” என்ற வழக்கமான புகாருக்கு முக்கியக் காரணம் இது. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். ஷேரிங்கில் ‘படிக்க மட்டும்’ என்று இருந்தால், செக்யூரிட்டியில் எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் வலை வழியே வருகிறவரால் எழுத முடியாது.

யார் வருகிறார் என்று மெயின் சிஸ்டம் எப்படி அறியும்? பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துத்தான். இதில் நான்கைந்து இடங்களில் தடுக்கும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால், விண்டோஸ் அதை வலை வழியாக உள்ளே விடாது. அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்துதான் நுழையலாம். கணினியைத் திறக்க நான்கு இலக்கப் பின் எண் வைத்திருப்பவர்கள் அதையே இங்கும் அடிப்பார்கள். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, வலை வழியே செல்லாது. மெயின் சிஸ்டத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், மற்றக் கணினிகள் சேமித்து வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டையே அனுப்பிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற இடத்தில் பழையதை நீக்கினால் புதிதாகக் கேட்கும். ஒரே கணினியிலிருந்து ஒரே மெயின் சிஸ்டத்துக்கு இரண்டு வேறு பெயர்களில் நுழையப் பார்த்தாலும் விண்டோஸ் மறுக்கும்.

இவற்றில் எதற்கும் மருந்து ‘எல்லோருக்கும் திற’ என்பது கிடையாது. மெயின் சிஸ்டத்தில் ஆளுக்கு ஒரு பயனர் கணக்கு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. எழுத வேண்டியவருக்கு எழுத அனுமதி, பார்க்க வேண்டியவருக்குப் பார்க்க அனுமதி. நான்கு பேர் உள்ள அலுவலகத்தில் இதை ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம்.

பாஸ்வேர்டு கேட்கும் வசதி இயங்கும்வரை, ‘எவ்ரிஒன்’ என்று போட்டாலும் கணக்கு உள்ளவர்தான் நுழைய முடியும். அந்த வசதியையும் அணைத்துவிட்டால், அலுவலக வைஃபையின் பாஸ்வேர்டு தெரிந்த எவரும் நுழையலாம், அழிக்கலாம். சரக்கு இறக்க வந்து, நெட் வேண்டும் என்று கேட்ட ஓட்டுநரின் கைப்பேசியிலிருந்துகூட. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கைப்பேசியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

இதற்கு உண்மையான பாடம் நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. 2017 மே 12, ஒரு வெள்ளிக்கிழமை, ‘வான்னாக்ரை’ என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ நிசான் கார் ஆலை பாதிக்கப்பட்டது. திங்கட்கிழமை காலை கேரளத்தில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும், பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கணினிகளைத் திறந்தவர்கள் அந்தப் பணயச் செய்தியைக் கண்டார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் தொடங்கியது, மலையடிவாரத்துப் பஞ்சாயத்து அலுவலகம்வரை வந்து சேர்ந்தது. சிறிய அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் மறக்கக் கூடாது.

அந்தத் தீநிரல் கணினிக்குக் கணினி தாவிய வழிதான் எஸ்எம்பி 1. நம் இசட் டிரைவ் இயங்குவது எஸ்எம்பி என்ற முறையில். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1992இல் வந்த ‘விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்’ அதைச் சாதாரண அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சற்று முன், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜல், விண்டோஸ் இல்லாத கணினியிலும் இதே முறை இயங்கும்படி ஒரு நிரல் எழுதினார். அதுதான் ‘சம்பா’. இன்று கடைகளில் விற்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவது அதுவே. அதை அவர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார் என்பதை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

முறை பழையது என்பதால் அதன் முதல் வடிவத்தில் ஓட்டைகள் பல. மைக்ரோசாஃப்டில் இதற்குப் பொறுப்பாயிருந்த நெட் பைல், எஸ்எம்பி 1 பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று 2016 செப்டம்பரிலேயே வெளிப்படையாக எழுதினார். வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. அதை நிறுவியிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. இரண்டு மாத அவகாசம் இருந்தும் உலகம் முழுதும் லட்சக்கணக்கான கணினிகள் நிறுவாமலே இருந்தன. அப்டேட் என்று வந்தாலே ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளும் நம் எல்லோருக்கும் இது உறைக்க வேண்டும். 2017 அக்டோபருக்குப் பிறகு வந்த விண்டோஸில் எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தது ஃபோல்டருக்கு வரவில்லை என்று அலுவலகங்கள் தவிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த மெஷினுக்கு எஸ்எம்பி 2 உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலுக்கோ பென் டிரைவுக்கோ ஸ்கேன் செய்யுங்கள். ஒரு மெஷினுக்காக அலுவலகத்தின் எல்லாக் கணக்கையும் ஆபத்தில் வைப்பது நியாயமில்லை.

பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைத்திருப்பது இன்னொரு விதத்திலும் காலை வாரும். 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதுக் கணினி வாங்கினால் விண்டோஸ் 11தான் வரும். அதன் ப்ரோ வகையில், 2024 அக்டோபரில் வெளிவந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்காத பகிர்வுக்குள் கணினி தானாகப் போக மறுக்கும். எவ்ரிஒன் என்று திறந்து வைத்த ஃபோல்டர், புதிதாகக் காசு கொடுத்து வாங்கிய கணினிக்குத்தான் திறக்காது.

பிரிண்டரைப் பற்றியும் ஒரு வரி. 2021இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதை அடைக்க வந்த திருத்தங்களுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டர்கள் பல அலுவலகங்களில் நின்றுபோயின. திருத்தத்தை நீக்குவதுதான் வழி என்று அப்போது பலர் சொன்னார்கள். அதைவிட, பிரிண்டரில் நேரடியாக லேன் அல்லது வைஃபை வசதி இருந்தால், மெயின் சிஸ்டம் வழியாக அல்லாமல் ஒவ்வொரு கணினியிலும் அதைத் தனியாக நிறுவிக்கொள்வதே நல்லது.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சிறப்புச் செய்தி. தாராளமாக வையுங்கள், யூனிகோடில் வையுங்கள், ஆனால் சுருக்கமாக வையுங்கள். விண்டோஸில் வழக்கமாக ஒரு கோப்பின் முழுப் பாதை 260 குறியீடுகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் அதைத் திறக்காது. லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டியில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஐந்து குறியீடு, பதினைந்து பைட்டு. ஆக, 85 குறியீட்டோடு தமிழ்ப் பெயர் முடிந்துவிடும். ‘வாடிக்கையாளர் நிலுவைத் தொகை விவரப் பட்டியல்’ என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால், ஒரு நாள் காரணம் புரியாமல் கோப்பு நகலாகாது. ‘நிலுவை’ என்று மட்டும் வைத்தால் தொல்லை இல்லை.

இவ்வளவு கவலை ஒரு தீவனக் கடையின் ஃபோல்டருக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். மீமிசலைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஜெகதாப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், பாக் விரிகுடாவைப் பார்த்திருக்கும் ஊர் அது. 2009இல் வனாமி இறால் வளர்க்க இந்தியாவில் அனுமதி கிடைத்த பிறகு, தமிழகக் கடலோரத்தின் பண்ணைத் தொழிலே அதன் பக்கம் திரும்பியது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005இல் வந்தது; அதன்படி இறால் பண்ணைக்குப் பதிவு வேண்டும், பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இறாலில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கிறதா என்று இறக்குமதி செய்யும் நாடுகள் சோதிக்கின்றன. எந்தக் குளத்துக்கு எந்தத் தீவனம், எப்போது போயிற்று என்ற பதிவு அப்போது பேசும். பண்ணைக்காரர் பெரும்பாலும் கடனுக்கு வாங்கி, அறுவடை முடிந்து இறால் விற்றபின் கொடுக்கிறார். நடுவில் உள்ள அத்தனை மாதத்துக்கும் இரண்டு பேருக்கும் சாட்சி அந்தக் கணக்கு ஒன்றுதான். அது பூட்டப்பட்டாலோ அழிந்தாலோ நட்டம் கடைக்காரருக்கு மட்டும் இல்லை.

அந்த ஃபோல்டரில் மற்றவர்களின் ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் இருக்கும். மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைப்புக்குப் போனவர்கள் நிறைந்த கரை அது. பயண முகவர் அலுவலகங்களின் ஃபோல்டர்களில் பாஸ்போர்ட் நகல்களும் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக் கொடுத்தவரின் காகிதத்தைக் காப்பது நம் கடமை.

அதனால் காப்பு நகலைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். இசட் டிரைவே காப்பு நகல் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. பணயத் தீநிரல் ஒரு கணினிக்குள் வந்தால், அதில் இணைந்திருக்கும் இசட் டிரைவையும் சேர்த்தே பூட்டும். மெயின் சிஸ்டத்துக்கே வந்தால், அதில் எப்போதும் செருகியே இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டும். நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இன்னொரு நகல் வேறு ஊரிலோ கிளவுடிலோ இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்ததைப் புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு நகல்கள் அப்படி ஓர் இரவில் சேர்ந்தே நனையும்.

மீமிசல் சகோதரிக்கு: மூன்று கணினிகளும் இப்போது வேலை செய்வதால், ஓர் ஓய்வான மாலையில் இதைச் செய்யுங்கள். முதலில் நகல் எடுங்கள். ரவுட்டரில் மெயின் சிஸ்டத்துக்கு எண்ணை ஒதுக்குங்கள். நால்வருக்கும் கணக்கும் பாஸ்வேர்டும் அமைத்து, அவர்கள் பெயரை ஃபோல்டரில் சேர்த்து, எவ்ரிஒன் என்பதை நீக்குங்கள். பாஸ்வேர்டு கேட்கும் வசதியைத் திரும்ப இயக்குங்கள். கடைசியாக ஃபயர்வாலை இயக்கி, வலை பிரைவேட் என்று இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு இசட் டிரைவைத் திறந்து பாருங்கள். நின்றுபோனால் எது நிறுத்தியது என்று உடனே தெரியும். ஒரே நேரத்தில் நான்கையும் மாற்றினால் தெரியாது.

கணினி பழுது பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் ஊராக அலைந்து, குறைந்த கூலிக்கு நீங்கள் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்று தெரியும். பத்து இடத்திலிருந்து அழைப்பு வரும் நாளில், சீக்கிரம் திறக்கும் வழியைச் சொல்லத் தோன்றுவதும் இயல்பு. அப்படிச் சொல்ல நேர்ந்தால், மறுவாரம் போகும்போது அதைத் திரும்ப மூடிவிட்டு வாருங்கள். வருவதற்கு முன், என்ன மாற்றினீர்கள் என்று தேதி போட்டுத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வாசகர்களே, அந்தத் தாள் உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் இன்றே எழுதத் தொடங்குங்கள். மெயின் சிஸ்டத்தின் பெயர், அதன் எண், எந்த ஃபோல்டர் யாருக்கு, ரவுட்டர் எங்கே இருக்கிறது, கடைசியாக நகல் எடுத்த தேதி. பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் எழுதாமல் உரிமையாளரிடம் தனியாகக் கொடுத்து வையுங்கள். கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் செய்தி வந்தால் அந்தக் கணினியின் லேன் கேபிளை உடனே பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், பணம் அனுப்பாதீர்கள், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் அலுவலகத்தில் தீராமல் நிற்கும் கோளாறு இருந்தால், திரையில் வந்த செய்தியை அப்படியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்